கேட்காத கேள்வி

ஒரு பொருளை விற்கிறவன், வாங்குகிறவன் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவனா?

இதை யாராவது ஒரு மேடையில் வைத்து என்னிடம் கேட்டிருந்தால், 'அதிலென்ன சந்தேகம், கடமைப்பட்டவன்தான்' என்று அடித்துச் சொல்லியிருப்பேன். கதை எழுதுகிறவர்களுக்கு மேடையில் ஒழுக்கம் சுலபமாக வரும். ஆனால் எனக்கு இந்தக் கேள்வி மேடையில் வரவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை, எண்ணெய்க் கறை படிந்த ஒரு கார்க் கொட்டகையில், கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. அப்போது நான் சொன்ன பதில் வேறு. அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு இன்னமும் வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் தெற்குக் கலிபோர்னியாவில், சான் டியாகோ நகரத்துக்குச் சற்று உள்ளே தள்ளி வசிக்கும் என் அக்கா மகன் வீட்டில் ஆறு வாரம் தங்கியிருந்தேன். பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சம்பாதிக்கிற பையன், மாலையானால் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு கொட்டகையில் இரும்போடு மல்லுக்கட்டுவான். 1989-ஆம் வருஷத்து ஃபோர்டு பிக்கப் வண்டி ஒன்று அவனிடம் இருந்தது. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டி. தோட்டக்காரர்களும் தச்சர்களும் சாமான் ஏற்றிப் போக வைத்துக்கொள்கிற வண்டி. "இதை வைத்துக்கொண்டு நீ என்னடா செய்கிறாய்?" என்று கேட்டேன்.

"பாலைவனத்துக்குப் போவேன் மாமா" என்றான்.

அந்தப் பக்கத்து வாலிபர்கள் பலருக்கு இது ஒரு பித்து. கிழக்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் பாலைவனம். தெற்கே எல்லையைத் தாண்டினால் மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பம். 1967-ஆம் ஆண்டு டிஹுவானா நகரிலிருந்து, தெற்குக் கோடிக்கு அருகில் உள்ள லா பாஸ் வரைக்கும், கல்லும் மணலும் கள்ளிச் செடியுமாகக் கிடந்த அந்தப் பூமியில் முதன்முதலாக ஒரு பந்தயம் நடத்தினார்கள். அதன் வழிவந்த பந்தயம் இன்றைக்கும் நடக்கிறது. அதில் ஓடும் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, பந்தயத்தின் பக்கமே போகாதவர்கள்கூடத் தங்கள் வண்டியை உயரத் தூக்கிக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். என் மருமகனும் ஆசைப்பட்டான்.

அந்த வண்டியின் முன்புறத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் வருகிற தர்மசங்கடம் விளங்காது.

பழைய லாரிகளில் இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே அச்சு இணைத்திருக்கும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் கூடச் சாயும். 1965-ஆம் ஆண்டு ஃபோர்டு கம்பெனி தன் பிக்கப் வண்டிகளில் அந்த அச்சுக்குப் பதிலாக இரண்டு உருக்கு உத்தரங்களைக் கொண்டுவந்தது. வலது சக்கரத்தைத் தாங்கும் உத்தரம் வண்டியின் இடது பக்கத்தில் முளை கொண்டிருக்கும்; இடது சக்கரத்தின் உத்தரம் வலது பக்கத்தில். பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடுகிறவன் கைகளை மாற்றிக் காதைப் பிடித்துக்கொள்கிறானே, அந்த மாதிரி. இதனால் ஒவ்வொரு சக்கரமும் தன்பாட்டுக்கு ஏறி இறங்கும். கை நீளமாக இருப்பதால் நிறைய ஏறி இறங்கும். மேட்டையும் பள்ளத்தையும் தாங்கும். பாலைவனக்காரர்களுக்கு இந்த அமைப்பு பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

ஆனால் வண்டியை உயர்த்துவதற்காக நீளமான ஸ்பிரிங்குகளைப் போட்டால், இந்தக் கைகள் கீழ்நோக்கித் தொங்கும். தொங்கினால் சக்கரங்களின் தலைப்பக்கம் வெளியே சாய்ந்துவிடும். டயர் வெளி ஓரத்தில் மட்டும் தேயும். இதை நேராக்குவதற்குப் பட்டறைக்காரர்கள் கையாளும் வழிகளில் ஒன்று, உத்தரத்தையே வெட்டித் திருப்புவது. சக்கரம் மாட்டுகிற முனைக்குப் பக்கத்தில் அறுத்து, அந்த முனையைச் சில பாகை திருப்பி நிறுத்தி, மறுபடியும் வெல்டிங் வைத்து ஒட்டி, பலத்துக்காக மேலே தகடு போர்த்துவார்கள். பார்த்தால் பழைய உத்தரத்தைவிடப் பருமனாக, முரட்டுத்தனமாக இருக்கும். நம் பையன் அதைத்தான் செய்திருந்தான். ஊர்க் கல்லூரியில் மாலை வகுப்புக்குப் போய் வெல்டிங் கற்றுக்கொண்டு, தன் கையாலேயே செய்திருந்தான். நான் போய்ச் சேருவதற்கு எட்டு மாதம் முன்பு நடந்த வேலை அது.

முதலில் எனக்குத் தோன்றியது, ஒருவன் யோசித்து, கணக்குப் போட்டு, காய்ச்சி அடித்து உருவாக்கின பொருளை இன்னொருவன் அறுக்கலாமா என்பதுதான். யோசித்துப் பார்த்ததில், அறுக்கலாம் என்றே பட்டது. அப்பாவின் வேஷ்டியைக் கிழித்துத் தூளி கட்டாத வீடு எது? வாங்கின வீட்டில் ஜன்னலை இடித்து வாசலாக்காதவர் யார்? செய்தவனுக்குச் செய்த புத்தியின் பெருமை உண்டு. ஆனால் வைத்திருப்பவனின் தேவை செய்தவனுக்கு முழுவதும் தெரியாது. கருவியைத் தன் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது மனிதனுக்குக் கற்காலத்திலிருந்து இருந்துவரும் சுபாவம்.

ஆனால் தூளி நம் வீட்டு உத்தரத்தில் தொங்குகிறது. வண்டி ஊர் ரோட்டில் ஓடுகிறது. எதிரே வருகிறவன் நம் வெல்டிங்கை நம்பித்தான் தன் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறான். அப்படி நம்புகிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. அதனால்தான் சட்டம் உள்ளே நுழைகிறது. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில், உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. கலிபோர்னியாவில் இவ்வளவு கண்டிப்பு இல்லை. உயரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. பழைய வண்டியை விற்கும்போது புகைச் சோதனைச் சான்று கேட்பார்கள். ஆனால் சொந்த உபயோகத்துக்கான வண்டியை ஆண்டுக்கு ஒரு முறை குனிந்து பார்த்து, பத்திரமாக இருக்கிறதா என்று சோதிக்கிற வழக்கம் அந்த மாநிலத்தில் கிடையாது.

எந்தச் சட்டமாக இருந்தாலும் ஓர் இடத்தில் போய் நின்றுவிடுகிறது. வெட்டாதே என்று சொல்லலாம். வெட்டி ஒட்டினால் எழுதிப் பதிவு செய் என்று சொல்லலாம். ஒட்டின இடத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சட்டத்தால் பார்க்க முடியாது. அங்கே இருந்தவன் ஒருவன்தான்: வெல்டிங் வைத்தவன்.

இது எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு கிழவர். ஒருநாள் மாலை என்னையும் அவரிடம் அழைத்துப்போனான். கதை எழுதுகிறவர் என்று என்னை அறிமுகப்படுத்தினான். கிழவர் சிரித்துக்கொண்டே இரண்டு இரும்புத் துண்டுகளை மேஜைமேல் வைத்து, "இரண்டில் எது நல்ல வேலை, சொல்லுங்கள்" என்றார்.

ஒன்றில் வெல்டிங் தழும்பு, அடுக்கிவைத்த காசுகளைச் சாய்த்தாற்போல் அழகாக வரி வரியாக இருந்தது. மற்றொன்று கொஞ்சம் கோணலும் மாணலுமாக இருந்தது. நான் அழகானதைக் காட்டினேன்.

அவர் பதில் பேசாமல் இரண்டையும் குறுக்கே அறுத்தார். அறுத்த முகத்தைப் பளபளவென்று தேய்த்து, அமிலத்தைத் தொட்டுத் தடவினார். கோணலாக இருந்ததில் மேல் உலோகமும் கீழ் உலோகமும் ஒன்றோடொன்று உருகிக் கலந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. அழகானதில், இரண்டுக்கும் நடுவே மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. மேலே ஊற்றின உலோகம் கீழே இருந்ததை உருக்கவே இல்லை. சுவரில் பிடிக்காமல் உப்பி நிற்கும் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி, சும்மா மேலே உட்கார்ந்திருந்தது.

"இது ஒரு வகை" என்றார் கிழவர். "இன்னொரு வகை இன்னும் மோசம். இரும்பைச் சரியாகச் சூடு பண்ணாமல், ஈரம் பட்ட குச்சியை வைத்து ஒட்டினால், ஹைட்ரஜன் உள்ளே புகுந்துகொள்ளும். முடித்தவுடன் பார்த்தால் ஒன்றும் இராது. கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய், சாப்பிட்டுத் தூங்குவீர்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து, யாரும் பார்க்காத நேரத்தில், அது உள்ளுக்குள்ளே விரியும்."

"கண்டுபிடிக்க வழி இல்லையா?"

"உண்டு. சிவப்புச் சாயம் தடவித் துடைத்தால் மேலே வாய் திறந்த விரிசல் தெரியும். உள்ளே மூடிக்கிடப்பதற்கு எக்ஸ்ரே, ஒலியலைச் சோதனை எல்லாம் உண்டு. கப்பலுக்குச் செய்வார்கள். கிழட்டு வண்டிக்கு யார் செய்வார்கள்?"

கப்பலுக்குச் செய்வார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. 1980-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி, வட கடலில் எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்கியிருந்த 'அலெக்சாண்டர் கீலண்ட்' என்ற மிதக்கும் மேடை புயலில் கவிழ்ந்தது. இருந்தவர்கள் 212 பேர். மாண்டவர்கள் 123 பேர். பிறகு ஆராய்ந்து பார்த்தார்கள். மேடையின் கால்களைப் பிணைத்திருந்த பெரிய குழாய்களில் ஒன்று அறுந்திருந்தது. அது அறுந்ததற்கு மூலம், கடலின் ஒலி கேட்கும் ஒரு கருவியைப் பொருத்துவதற்காக அந்தக் குழாயில் வைத்த 6 மில்லிமீட்டர் வெல்டிங். பாரம் தாங்குகிற வேலையே அதற்கு இல்லை. அங்கே உடைந்திருந்த முகத்தில் பெயிண்டின் தடம் இருந்தது. அதாவது, மேடை கடலைப் பார்ப்பதற்கு முன்பே, கரையில் பெயிண்ட் அடிக்கும்போதே, அந்த விரிசல் அங்கே இருந்திருக்கிறது. அதன்மேல் பெயிண்ட் அடித்தார்கள். அடித்தவன் கெட்டவன் என்று நான் சொல்ல வரவில்லை. அவனுக்குத் தெரிந்திராது. தெரியாமல் மூடுவதே இவ்வளவு கேடு செய்யுமானால், தெரிந்து மூடுவது என்ன செய்யும்?

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மருமகனுக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று. வண்டியை விற்க ஏற்பாடு செய்தான். பார்க்க வந்தவர் தோட்ட வேலை செய்யும் ஒரு மெக்ஸிகோக்காரர். கூடவே எட்டு வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பையன்கள். அவர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். இஞ்சின் எண்ணெய் குடிக்கிறதா? துரு உண்டா? எத்தனை மைல் ஓடியிருக்கிறது? புகைச் சான்று எங்கே? பிறகு முன்புறம் குனிந்து பார்த்தார். கறுப்புப் பெயிண்ட் அடித்த தகடுகளை விரலால் தட்டினார்.

"பலப்படுத்தியிருக்கிறாய். நல்லது" என்றார்.

மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. பையன்கள் இருவரும் முன் ஆசனத்தில் ஏறி, நடுவில் யார் உட்காருவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார்.

போன பிறகுதான் அவன் கேட்டான். "மாமா, அந்த ரெண்டு கையும் நான் வெட்டி ஒட்டினதுன்னு அவர்கிட்ட சொல்லணுமா?"

"அவர் கேட்டாரா?"

"கேக்கலை."

"கேட்டால் சொல்" என்றேன்.

இதுதான் நான் சொன்ன பதில். சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு என்னையே குடைந்து பார்த்தேன். மறைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. பையன் நம் பையன். அவனுக்குப் பணம் குறையக் கூடாது என்பதுதான் முன்னால் நின்றது. அந்தத் தோட்டக்காரர் யாரோ. உலகத்தில் நடக்கும் அநியாயங்களில் பெரும்பாலானவை கெட்ட எண்ணத்தில் பிறப்பதில்லை. 'நம்மவன்' 'யாரோ' என்ற இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் பிறக்கின்றன.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டு வாதாடினேன். வண்டி பழைய வண்டி. இருக்கிறபடியே விற்பனை என்று எழுதித்தான் விற்கிறான். வாங்குகிறவன் கண்ணைத் திறந்து பார்த்து வாங்க வேண்டியதுதானே? நம் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறவன், மாட்டின் குறையை எடுத்து ஓதிக்கொண்டா விற்கிறான்? வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான். அது இரண்டு பேர் சாமர்த்தியத்துக்கும் நடக்கிற பந்தயம்.

வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓர் இடத்தில் இடித்தது. மாட்டுக்குப் பல் உண்டு; வெல்டிங்குக்குப் பல் இல்லை. அந்தத் தோட்டக்காரர் தன்னால் பார்க்க முடிந்த இடத்தையெல்லாம் பார்த்தார். பார்க்கவே முடியாத இடத்தை, 'நல்லது' என்று நம்பிவிட்டுப் போனார்.

இந்த வழக்கு புதிதல்ல. கிறிஸ்துவுக்கு முன் 44-ஆம் ஆண்டில் ரோமானியரான சிசரோ தன் மகனுக்கு எழுதின 'கடமைகள்' என்ற நூலின் மூன்றாம் புத்தகத்தில் இதை விசாரித்திருக்கிறார். ஒருவன் வீட்டை விற்கிறான். படுக்கையறைகளில் பாம்பு வருகிறது, கட்டின மரம் மட்டமானது, வீடு ஆட்டம் கண்டிருக்கிறது. இதெல்லாம் அவனுக்கு மட்டும் தெரியும். வாங்குகிறவனிடம் சொல்ல வேண்டுமா? பாபிலோனின் டயோஜெனிஸ் என்ற தத்துவஞானி, சட்டம் சொல்லச் சொல்கிறதைச் சொன்னால் போதும் என்கிற கட்சி. சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது அவர் வாதம். அவருடைய சிஷ்யர் ஆன்டிபேட்டர், எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும் என்கிற கட்சி. சிசரோ தீர்ப்பைச் சிஷ்யர் பக்கம் எழுதினார்.

நம் வள்ளுவரிடம் போனால், அவர் வாய்மைக்கு இலக்கணம் சொல்லும்போது, உள்ளதை உள்ளபடி சொல்வது என்றுகூடச் சொல்லவில்லை. பிறருக்குக் கேடு வராத பேச்சே வாய்மை என்ற கருத்தைத்தான் வைக்கிறார். அந்த அளவுகோலைப் பேச்சுக்கு மட்டும் வைத்தால் போதுமா, பேசாமலிருப்பதற்கும் வைக்க வேண்டாமா? 'பலப்படுத்தியிருக்கிறாய்' என்று அவர் சொன்னபோது மருமகன் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் மௌனம் 'ஆமாம்' என்றது. மௌனத்துக்கும் நாக்கு உண்டு.

இவ்வளவும் சரி. ஆனாலும் மருமகன் பக்கத்தில் ஒரு நியாயம் பாக்கி இருந்தது. எட்டு மாதம் அந்த வண்டியை அவனே ஓட்டியிருக்கிறான். கல்லிலும் மணலிலும், நெடுஞ்சாலையில் எழுபது மைல் வேகத்திலும் ஓட்டியிருக்கிறான். தன் உயிரை வைத்து அவன் சோதித்த பொருள் அல்லவா அது? தனக்குப் போதும் என்று நினைத்ததை இன்னொருவனுக்குக் கொடுத்தால் அதில் வஞ்சனை எங்கே?

இதற்கு வெகுநேரம் எனக்குப் பதில் தெரியவில்லை. விடியற்காலையில்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் என்ன செய்வான் என்பது நினைவுக்கு வந்தது. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுப்பான். கம்பித் தூரிகையால் அந்த இரண்டு தழும்புகளையும் தேய்த்து, ஓரங்களைக் கூர்ந்து பார்ப்பான். ஏதாவது பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டால், அன்றைக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்வான். முன்னால் ஏதாவது 'கிரீச்' என்றால் காதைத் தீட்டிக்கொள்வான். அவன் ஓட்டின வண்டி வேறு. அந்தத் தோட்டக்காரர் ஓட்டப்போகும் வண்டி வேறு. இரும்பு அதே இரும்புதான். ஆனால் அந்த உத்தரத்தின் பலத்தில் ஒரு பங்கு இரும்பில் இல்லை; அவன் அதைத் தெரிந்துவைத்திருந்ததில் இருந்தது. சாவியைக் கொடுக்கும்போது அந்தப் பங்கு வண்டியோடு போகாது, வாயைத் திறந்து கொடுத்தாலொழிய. கொடுக்காமல் விற்றால், எடை குறைத்து விற்கிறோம் என்றுதான் அர்த்தம்.

அப்படியானால் விற்கிறவன் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? கதவில் விழுந்த கீறலிலிருந்து ஆசனத்தில் சிந்தின காப்பி வரை பாராயணம் பண்ண வேண்டுமா? வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எனக்கு அகப்பட்ட அளவுகோல் இதுதான்: ஒரு விஷயம் தெரிந்திருந்த காரணத்தால் நான் எதை வேறு மாதிரி செய்தேனோ, அந்த விஷயத்தை அடுத்தவனுக்குச் சொல்லியாக வேண்டும். நான் குனிந்து பார்த்தேனா, அவனும் குனிந்து பார்க்க உரிமை உள்ளவன். நான் வேகத்தைக் குறைத்தேனா, அவனும் குறைக்க உரிமை உள்ளவன். அதைச் சொல்லாதபோது அவனுடைய உயிருக்கு ஆபத்து வரலாம், வராமலும் போகலாம். ஆனால் தன் உயிரைப் பற்றித் தானே முடிவு செய்துகொள்ளும் பாத்தியதையை அந்தக் கணத்திலேயே அவனிடமிருந்து எடுத்துவிடுகிறோம்.

காலையில் மருமகன் எழுந்து வந்ததும், "நேற்று நான் சொன்ன பதில் தப்பு" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "எனக்கும் ராத்திரி தூக்கம் இல்லை மாமா. அந்தச் சின்னப் பையன் நடுவுல உக்காந்தது கண்ணு முன்னாடியே நிக்குது" என்றான்.

தோட்டக்காரர் வந்ததும் அவரைக் கொட்டகைக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னான். எங்கே வெட்டினான், எப்படி ஒட்டினான், எக்ஸ்ரே ஒன்றும் எடுக்கவில்லை என்பது வரை. அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கோபப்படவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. கடைசியில், "பழைய கைகளைப் போட்டுத் தருவாயா?" என்று மட்டும் கேட்டார். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கிடங்கு ஒன்றில் வெட்டுப்படாத இரண்டு உத்தரங்களையும் பழைய ஸ்பிரிங்குகளையும் தேடிப் பிடித்து, இரண்டு நாள் மாலையில் மாட்டினான். வண்டி தன் பழைய உயரத்துக்கு இறங்கிற்று. அந்தச் செலவு போக, பேசின விலையிலும் அவர் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுத்தார். நல்ல காரியம் செய்தால் லாபம் வரும் என்று கதையில் எழுதலாம், இங்கே வரவில்லை.

வெட்டி ஒட்டின கைகள் இரண்டும் கொட்டகை மூலையில் கிடந்தன. நான் புறப்படுவதற்கு முந்தின நாள் அவன் அவற்றைக் கிழவரிடம் தூக்கிக்கொண்டு போனான். நானும் போனேன். கிழவர் தழும்பின் குறுக்கே அறுத்து, தேய்த்து, அமிலம் தடவினார். ஒன்று முழுக்க முழுக்க நன்றாக இருந்தது. மற்றொன்றில், அடியில் ஓர் ஓரமாக, அரிசி நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு.

"இது உடைந்திருக்குமா?" என்று கேட்டேன்.

கிழவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து வருஷம் ஓடியிருக்கலாம். பத்து நாளில் போயிருக்கலாம். இதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது" என்றார்.

திரும்பி வரும்போது மருமகனிடம் கேட்டேன்: "ரெண்டுமே நன்றாக இருந்திருந்தால்? சொன்னது வீண் என்று நினைத்திருப்பாயா?"

அவன் கொஞ்ச தூரம் பேசாமல் காரை ஓட்டினான். "இல்லை மாமா. நல்லா இருக்குன்னு அப்போ எனக்குத் தெரியாதே" என்றான்.

நான் ஒரு ராத்திரி முழுவதும் தேடினதை அவன் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டான். விளைவு என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு செய்வதற்கு மனச்சாட்சி எதற்கு? கணக்கே போதும்.

அந்தக் கோடு விழுந்த துண்டை அரை அங்குலக் கனத்துக்கு அறுத்து எனக்குக் கொடுத்தான். இப்போது என் மேஜைமேல், எழுதின காகிதங்கள் பறக்காமலிருக்க வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் கறுப்புப் பெயிண்ட், பார்க்க லட்சணமாக இருக்கும். வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் என் மனைவி அந்தப் பக்கம் தெரியும்படி வைத்துவிடுவாள். எழுத உட்காரும்போது நான் அதை எடுத்து, அறுத்த முகம் எனக்குத் தெரியும்படி திருப்பி வைத்துக்கொள்கிறேன்.